முதல் சீசனைத் தள்ளிவிட்டுப் பார்க்கச் சொல்கிறவர்களுக்கு

இது நீளமான பதிவு. படிக்காமலே கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்துநாலு வருடம் வகுப்பில் நின்றவளுக்குக் கடைசி பெஞ்சில் யார் கவனிக்கிறார்கள், யார் கவனிப்பதுபோல நடிக்கிறார்கள் என்பது கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றாலும் தெரிந்துவிடும்.

விஷயம் இதுதான். போன வாரம் என் அக்கா மகன் முகநூலில் ஒரு யோசனை எழுதியிருந்தான். 'டாக்டர் ஹூ' என்கிற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரைப் புதிதாகப் பார்க்க நினைக்கும் சின்னப் பிள்ளைகள் எங்கே ஆரம்பிக்கலாம் என்று. 2005-ல் வந்ததிலிருந்து ஆரம்பியுங்கள், 1963-ல் வந்த முதல் சீசன் பக்கமே போகாதீர்கள், கறுப்பு வெள்ளை, அட்டை செட், ஆமை வேகம், ஒரு கிழவர் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டே இருப்பார் என்று போட்டிருந்தான். அதற்குக் கீழே என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன், "எங்க டீச்சருக்கு அந்த சீசன்தான் உயிர். அதுல ரெண்டு டீச்சர் வர்றாங்கல்ல, அதான்" என்று எழுதிச் சிரித்திருந்தான். பெயர் சொல்லவில்லை. இப்போது பெரிய கம்பெனியில் பெரிய நாற்காலியில் இருக்கிறான். அவனோடு சேர்ந்து நம் ஆட்கள் நிறையப் பேர் சிரித்திருந்தீர்கள்.

சிரித்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஆமாம், அதில் இரண்டு டீச்சர் வருகிறார்கள். அவர்களைத் தெரியாமல் அந்தத் தொடரின் நாயகனைத் தெரிந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்வது, அஸ்திவாரம் எதற்கு, மொட்டைமாடியிலிருந்து வீட்டைக் கட்டலாம் என்பதுபோல. இதைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டாக்டர் என்பவர் வேற்றுலகத்துக்காரர். காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் ஒரு கலம் வைத்திருக்கிறார். அதன் பெயர் டார்டிஸ். வெளியே பார்த்தால் அந்தக் காலத்து லண்டன் தெருக்களில் இருந்த நீல நிற போலீஸ் தொலைபேசிக் கூண்டு, உள்ளே போனால் பெரிய கூடம். 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை பி.பி.சி.யில் முதல் பகுதி வந்தது. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டார். ஊர் உலகமே அந்தச் செய்தியில் இருந்ததால், மறு வாரம் முதல் பகுதியை இன்னொரு முறை போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள். அங்கிருந்து 1964 செப்டம்பர் 12 வரை 42 பகுதிகள். நடுவில் ஒரே ஒரு வாரம்தான் விடுமுறை. இதுதான் முதல் சீசன்.

"சித்தி, இது உங்க மலரும் நினைவு" என்று அக்கா மகன் சொல்லக்கூடும். அதை முதலிலேயே அடைத்துவிடுகிறேன். 1963-ல் எனக்கு இரண்டு வயது. எங்கள் ஊருக்கு அப்போது மின்சாரமே வரவில்லை. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்ததே 1975-ல். இந்தத் தொடரை நான் பார்த்தது என் 58-ஆவது வயதில், மகளின் பேறுகாலத்துக்கு இங்கிலாந்து போயிருந்தபோது. அந்த ஊர்ப் பொது நூலகத்தில் டி.வி.டி. இரவல் கொடுப்பார்கள். குழந்தை தூங்கும் நேரத்தில், சத்தத்தைக் குறைத்து வைத்து, திரையின் கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்துப் பார்த்தேன். சின்ன வயதில் பார்த்தது என்பதற்காகக் கொண்டாட எனக்கு இதில் எதுவும் இல்லை. நல்ல பாடத்தைப் பார்த்தால் வாத்தியாருக்குத் தெரியும், அவ்வளவே.

கதை எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? விண்வெளியில் இல்லை. பள்ளிக்கூடத்தில். லண்டனில் கோல் ஹில் என்று ஒரு பள்ளி. பள்ளி விட்டாயிற்று. வரலாறு எடுக்கும் பார்பரா ரைட்டும் அறிவியல் எடுக்கும் இயன் செஸ்டர்டனும் ஒரு மாணவியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சூசன் என்கிற அந்தப் பெண் சில விஷயங்களில் தங்களையே மிஞ்சுகிறாள், சில சாதாரண விஷயம் அவளுக்குத் தெரியவில்லை, வீட்டுப்பாடம் திடீரென்று மோசமாகிவிட்டது, முகவரி கொடுத்த இடத்தில் வீடே இல்லை. அவளுக்கு என்ன கஷ்டமோ என்று இருவரும் காரில் அவள் பின்னாலேயே போகிறார்கள். பழைய சாமான் கிடங்கு ஒன்று. அங்கே அந்த நீலக் கூண்டு.

இதில் சின்னதாக ஒரு காட்சி. பிரிட்டிஷ் நாணயத்தில் ஒரு பவுனுக்கு எத்தனை ஷில்லிங் என்று சூசனுக்குத் தெரியவில்லை. வகுப்பு சிரிக்கிறது. தசம முறை வந்துவிட்டதென்று நினைத்தேன் என்கிறாள் அவள். இன்னும் வரவில்லையே என்கிறார்கள். பிரிட்டனில் தசம நாணயம் வந்தது 1971-ல். காலப்பயணி வீட்டுப் பெண் வருடத்தைக் குழப்பிக்கொண்டாள். (நமக்கு 1957-லேயே நயா பைசா வந்துவிட்டது என்பதை இங்கே கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.) தப்பான பதில் சொல்லும் பிள்ளையை மக்கு என்று ஒதுக்காமல், இந்தத் தப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கும் இரண்டு பேரை வைத்துத்தான் இந்த அறுபது வருடத் தொடரே கிளம்பியது. ஆசிரியர் பயிற்சியில் எனக்கு முதல் வருடம் சொல்லிக்கொடுத்தது அதுதான். பலர் பணி ஓய்வு பெறும்வரை அதைக் கற்றுக்கொள்வதில்லை.

இப்போது அந்தக் கிழவருக்கு வருகிறேன். வில்லியம் ஹார்ட்னெல் அப்போது 55 வயதுக்காரர். அவர் நடித்த டாக்டர் எரிந்து விழுகிறார் என்பது குற்றச்சாட்டு. நான் இன்னும் மோசமாகவே சொல்கிறேன். அவர் ஆசிரியர்கள் இருவரையும் கடத்திக்கொண்டு போகிறார். ஆமாம், கடத்தல். வெளியே போய்த் தன் ரகசியத்தைச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் கதவை அடைத்துக் கலத்தைக் கிளப்பிவிடுகிறார். போய் இறங்குவது கற்காலம். அங்கே தப்பி ஓடும்போது, துரத்தி வந்த ஆதிமனிதன் ஒருவனை விலங்கு அடித்துப் போட்டுவிடுகிறது. அவன் குற்றுயிராகக் கிடக்கிறான். விட்டுவிட்டு ஓடலாம் என்கிறார் டாக்டர். பார்பரா மறுக்கிறாள், திரும்பி வந்து அவன் காயத்தைப் பார்க்கிறாள். எல்லோரும் அவனைத் தூக்கிப்போக வேண்டியதாகிறது. தாமதமாகிறதே என்று டாக்டர் கூர்மையான கல் ஒன்றைக் கையில் எடுக்கிறார். இயன் பாய்ந்து அவர் கையைப் பிடிக்கிறான். அவனைத் தரையில் வழி வரைந்து காட்டச் சொல்லத்தான் எடுத்தேன் என்று ஒரு சமாளிப்பு. வகுப்பில் கல்லோடு பிடிபட்ட எந்தப் பையனும் சொல்லும் சமாளிப்பு.

பின்னால் வந்த டாக்டர்கள் எத்தனை கருணையானவர்கள், எத்தனை உயிரைக் காப்பாற்றினார்கள் என்று நீங்கள் உருகுகிறீர்களே, அந்த ஆள் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தார். அடிபட்டவன் பக்கத்தில் கல்லோடு நின்றவர். அவர் கையைப் பிடித்தது ஒரு வாத்தியார். அந்தக் கணத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு 2005-ல் ஆரம்பிக்கச் சொல்கிறான் என் அக்கா மகன்.

இரண்டாவது கதை டாலெக்குகள். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கண்ணுக்குப் பதில் ஒரு குழாய், கைக்குப் பதில் கழிவறை அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணம், உருண்டு வரும் உலோகக் கூடு. அதை வடிவமைத்தவர் ரேமண்ட் கசிக் என்கிற பி.பி.சி. ஊழியர். பார்வையாளர் எண்ணிக்கையை ஒரு கோடிக்கு மேல் கொண்டுபோனது அதுதான். எனக்குப் பிடித்த இடம் வேறு. தாலர்கள் என்று ஓர் இனம், சண்டையே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள். கலத்துக்கு வேண்டிய பாகம் ஒன்று டாலெக்குகளிடம் மாட்டிக்கொள்கிறது. அதை மீட்க இந்த அப்பாவிகளைச் சண்டைக்கு அனுப்பலாம் என்று டாக்டர் பேசுகிறார். இந்தத் தடவை பார்பராவும் அவர் பக்கம்தான். நமக்காகச் சாகச் சொல்ல நமக்கு என்ன உரிமை, அவர்களுக்கென்று ஒரு காரணம் இருந்தால் மட்டுமே போகட்டும் என்று இயன் ஒற்றையாய் நிற்கிறான். ஏழு பகுதிகளில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி ஒன்று இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறது. வேகமாக ஓட்டினால் டாலெக் மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது கதை இரண்டே பகுதி. வேறு நடிகர்கள் கிடையாது, வேறு இடம் கிடையாது, நாலு பேரும் கலத்துக்குள்ளேயே. காசு இல்லாமல் எழுதிய கதை என்பது பார்த்தாலே தெரியும். கலத்தில் ஏதோ கோளாறு. நீங்கள்தான் நாசவேலை செய்தீர்கள் என்று டாக்டர் ஆசிரியர்கள் மேல் பழி போடுகிறார், வெளியே தள்ளிவிடுவேன் என்கிறார். அப்போது பார்பரா பொரிந்து தள்ளுகிறாள் பாருங்கள். குகையில் உன் உயிரைக் காப்பாற்றியது யார், டாலெக்குகளிடம் மாட்டியபோது கூட நின்றது யார், நன்றி சொல்ல வேண்டிய வாயா இது என்று அவள் கேட்கிற கேள்வியில் அந்த அறையே சுருங்கிப்போகிறது. ஜாக்குலின் ஹில் என்கிற அந்த நடிகை கத்தவில்லை. தலைமையாசிரியர் அறையில் பொய்ப் புகாருக்குப் பதில் சொல்ல நின்ற எந்த ஆசிரியைக்கும் அந்தக் குரல் தெரியும். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு கோளாறைக் கண்டுபிடிப்பதும் அவள்தான். கடிகாரங்கள் உருகியது, கதவு தானாகத் திறந்தது என்று நடந்த வினோதங்களைச் சேர்த்துப் பார்த்து, கலம் நமக்கு ஏதோ எச்சரிக்கை சொல்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் டாக்டருக்கே உறைக்கிறது. ஒரு பொத்தானுக்கு அடியில் இருந்த சின்னச் சுருள்கம்பி மாட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் கோளாறு. அந்தப் பொத்தானின் பெயரைப் பேனாவால் எழுதி ஒட்டியிருப்பது திரையில் நன்றாகவே தெரியும். இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த காட்சியில் டாக்டர் பார்பராவிடம் வந்து, தயங்கித் தயங்கி, அவள் கோபத்துக்குத் தான்தான் காரணம் என்று சமாதானம் பேசுகிறார். அகம்பாவம் பிடித்த ஒரு கிழவர் தன்னைவிட வயதில் பாதியான பெண்ணிடம் இறங்கிவருவதை அந்தக் காலத்துத் திரையில் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள்? பேனா எழுத்தைப் பார்த்தவர்கள் இதையும் பார்த்திருக்கலாம்.

'மார்க்கோ போலோ' கதையைப் பிறகு சொல்கிறேன், அதில் ஒரு துக்கம் இருக்கிறது. 'கீஸ் ஆஃப் மரைனஸ்' சுமார். ரப்பர் உடையில் வரும் வில்லன்களைப் பார்த்துப் பயப்பட வேண்டுமென்றால் ஆறு வயதாக இருக்க வேண்டும். 'சென்சரைட்ஸ்' இழுவை, ஒப்புக்கொள்கிறேன். நல்ல பாடப்புத்தகத்திலும் நாலு பாடம் சுமாராகத்தான் இருக்கும்.

'தி ஆஸ்டெக்ஸ்' பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நாலு பகுதி. எழுதியவர் ஜான் லூகரோட்டி. கலம் போய் நிற்பது ஸ்பானியர்கள் வருவதற்கு முந்தைய மெக்சிகோவில், ஒரு பூசாரியின் கல்லறைக்குள். அங்கிருந்த காப்பு ஒன்றைப் பார்பரா கையில் போட்டுக்கொள்ள, இறந்த பூசாரியே திரும்பப் பிறந்து வந்ததாக நினைத்து மக்கள் அவளைத் தெய்வமாக்கிவிடுகிறார்கள். அவளோ வரலாற்று ஆசிரியை. ஆஸ்டெக் வரலாறு அவளுக்குப் பிரியமான பாடம். இவர்களின் கலை, கட்டடம், அறிவு எல்லாம் அவளுக்குத் தெரியும். நரபலியும் தெரியும். 1519-ல் கோர்ட்டெஸ் வந்து இறங்கியதும் அத்தனையும் அழியப்போவதும் தெரியும். நரபலியை மட்டும் இப்போதே நிறுத்திவிட்டால், வருகிற ஸ்பானியர்கள் இவர்களின் நல்லதைப் பார்ப்பார்களே, அழிக்காமல் விடுவார்களே என்று கணக்குப் போடுகிறாள். ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது, வேண்டாம் என்று டாக்டர் கெஞ்சுகிறார். அவள் கேட்கவில்லை. மழை வேண்டிப் பலி கொடுக்கப் போகும்போது, நிறுத்துங்கள் என்று தெய்வத்தின் குரலில் ஆணையிடுகிறாள்.

பலியாக இருந்தவன், என் பெருமையைக் கெடுத்துவிட்டாயே என்று தானே குதித்துச் சாகிறான். மழையும் பெய்கிறது. பலி கொடுத்ததால்தான் மழை என்று பலிப் பூசாரி தலோடோக்சல் கொக்கரிக்கிறான். அன்றிலிருந்து அவளைப் போலி என்று நிரூபிப்பதே அவன் வேலை. ஆட்லாக் என்கிற அறிவுப் பூசாரி மட்டும் அவள் சொல்வதை யோசிக்கிறான். கடைசியில் பலிப் பூசாரிதான் ஜெயிக்கிறான். எதுவும் மாறவில்லை. ஆட்லாக் தன் பதவி, சொத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு உண்மை எதுவென்று தேடி வனாந்தரத்துக்குப் போய்விடுகிறான். எதையும் மாற்ற முடியாதென்றால் இந்தப் பயணத்துக்கு என்ன அர்த்தம் என்று பார்பரா உடைந்துபோய்க் கேட்கிறாள். ஒரு நாகரிகத்தை உன்னால் காப்பாற்ற முடியவில்லை, ஒரு மனிதனுக்கு உதவினாய் என்று டாக்டர் பதில் சொல்கிறார்.

பிள்ளைகளே, இதை அன்றைக்கு நூலக டி.வி.டி.யில் பார்த்துவிட்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் வேலை பார்த்த ஓர் ஊரில், ஒரே வருடத்தில் ஏழாவது முடித்த ஐந்து பெண்கள் பள்ளியை விட்டு நின்றார்கள். வயசுக்கு வந்தாச்சு, மாப்பிள்ளை வந்தாச்சு, தம்பியைப் பார்த்துக்க ஆளில்லை. வீடு வீடாகப் போனேன். சிலர் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் என் மாமியாரிடமே வந்து, உங்கள் மருமகள் ஊர் வழக்கத்தில் தலையிடுகிறாள் என்றார். நாலு பெண்கள் வரவே இல்லை. ஒருத்தி வந்தாள். இன்றைக்கு அவள் செவிலியர். இந்தப் பதிவை அவளும் படிப்பாள், "டீச்சர், என்னை எதுக்கு இழுக்குறீங்க" என்று போன் பண்ணுவாள். பரவாயில்லை. அந்த நாலு பேர் கணக்கில்தான் நான் ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரு காட்சியை, எனக்கு மூன்று வயதாக இருந்தபோது, குழந்தைகள் பார்க்கும் சனிக்கிழமை மாலை நேரத்தில் போட்டிருக்கிறார்கள். இதைத்தான் அட்டை செட் என்கிறான் என் அக்கா மகன்.

சீசனின் கடைசிக் கதை பிரெஞ்சுப் புரட்சி. முதல் பகுதியிலேயே பார்பரா சூசனுக்கு இரவலாகக் கொடுத்த புத்தகம் எதைப் பற்றியது தெரியுமா? பிரெஞ்சுப் புரட்சி. சூசன் அதைப் புரட்டிவிட்டு, இது இப்படி இல்லையே என்பாள். பத்து மாதம் கழித்து அந்தப் புத்தகத்துக்குள்ளேயே எல்லோரும் போய் விழுகிறார்கள். ஆசிரியர்களும் சூசனும் பாரிசில் சிறையில் அடைபடுகிறார்கள். எரியும் பண்ணை வீட்டிலிருந்து ஒரு சிறுவனால் காப்பாற்றப்பட்ட டாக்டர், தன் ஆட்கள் கொலைக்களத்துக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் என்ன செய்கிறார்? கலத்துக்குத் திரும்பவில்லை. பாரிசுக்கு நடக்கிறார். அந்த வயதில், வழியில் கூலிக்கும்பலில் மாட்டி, தப்பி, அதிகாரி வேஷம் போட்டுச் சிறைக்குள் நுழைகிறார். முதல் கதையில், அடிபட்டவனை விட்டு ஓடலாம் என்றவர். நடுவில் நடந்தது என்ன? நாற்பது வாரம் இரண்டு வாத்தியார்கள் கூட இருந்தார்கள், அதுதான் நடந்தது.

அதே கதையில் இன்னொன்று. இயன் நம்பிய ஒருவன் காட்டிக்கொடுத்துவிடுகிறான், சுடப்பட்டுச் சாகிறான். துரோகி, அவனுக்கு இது வேண்டும் என்கிறான் இயன். உனக்குத்தான் துரோகி, அவன் பக்கத்துக்கு அவன் தேசபக்தன், புரட்சியே கெட்டது என்று நினைக்காதே என்று பார்பரா சீறுகிறாள். பத்தாம் வகுப்பு வரலாற்றில் ஐந்து மதிப்பெண்ணுக்கு நான்கு காரணம் எழுதிக் கற்றவர்கள் அந்த ஒரு நிமிடத்தைப் போய்ப் பாருங்கள்.

பெண்கள் கத்துகிறார்களே என்றும் ஒரு புகார். சூசன் கத்துகிறாள், உண்மைதான். அந்தப் பாத்திரத்தை வளரவிடவில்லை என்ற வருத்தத்தில்தான் நடிகை கரோல் ஆன் ஃபோர்ட் 1964-லேயே விலகினார். ஆனால் பார்பராவையும் அதே கணக்கில் சேர்க்கிறவர்கள் ஒரு பகுதியைக்கூட முழுசாகப் பார்க்காதவர்கள்.

செட்டைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் பொறுப்பேற்றபோது அவருக்கு 27 வயது. பி.பி.சி. நாடகப் பிரிவில் அப்போது வேறு பெண் தயாரிப்பாளர் கிடையாது. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன், அப்போது வயது 24. ஒரு சின்னப் பெண்ணையும் ஓர் இந்தியப் பையனையும் நம்பி அந்தப் பெரிய நிறுவனம் கொடுத்தது லைம் குரோவ் என்கிற பழைய, புழுக்கமான, இடுக்கமான ஸ்டூடியோ. வாரம் முழுக்க ஒத்திகை, ஒரே மாலையில் படப்பதிவு, வெட்டி ஒட்ட வசதி குறைவு, அதனால் கூடியவரை நிறுத்தாமல் எடுப்பார்கள். ஹார்ட்னெல் வசனத்தில் தடுமாறினால் தடுமாறியதுதான். தொடக்க இசை ரான் கிரெய்னர் எழுதியது. டீலியா டெர்பிஷைர் என்ற பெண் ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி அதை உருவாக்கினார். இன்றைக்கு கணினியில் நொடியில் செய்வதை அவர் பிளேடால் செய்தார். இவ்வளவு கையிருப்பில் வாரம் தவறாமல் 42. அக்கா மகனே, உன் கம்பெனியில் எத்தனை பேர் சேர்ந்தும் ஒரு மென்பொருள் சொன்ன தேதிக்கு வருவதில்லை என்று நீயேதான் பொங்கலன்று புலம்பினாய்.

இப்போது அந்தத் துக்கம். 'மார்க்கோ போலோ' ஏழு பகுதிகள். மார்க்கோ போலோவோடு பாலைவனம் தாண்டிக் குப்ளாய் கான் அரண்மனைவரை போகும் கதை. தண்ணீர் தீர்ந்த பாலைவனத்தில், கலத்தின் உட்சுவரில் இரவுக் குளிரில் படிந்த நீர்த்துளிகளைச் சேர்த்துத்தான் தாகம் தணிகிறது. ஆவி எப்படி நீராகிறது என்ற அறிவியல் பாடம் கதையோடு கதையாக வந்துவிடும். இயக்கியவர் பெரும்பாலும் நம் லக்னோக்காரரே. அதன் ஏழு பகுதிகளையும் பி.பி.சி. அழித்துவிட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் கதையிலும் இரண்டு பகுதி போய்விட்டது. ஆக இந்த ஒரு சீசனில் மட்டும் ஒன்பது. நாடாவுக்கு விலை அதிகம், மறுபடி பயன்படுத்தலாம், ஒரு முறை போட்ட கறுப்பு வெள்ளை நிகழ்ச்சியை இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்து அழித்தார்கள். வெளிநாட்டுக்கு விற்க எடுத்த ஃபிலிம் படிகளையும் பிறகு குப்பைக்கு அனுப்பினார்கள்.

இன்றைக்கு அந்த ஏழு பகுதிகளின் ஒலியாவது மிஞ்சியிருக்கிறதென்றால் காரணம் நிறுவனம் இல்லை. அந்தக் காலத்தில் தங்கள் வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள். சும்மா இரு, சத்தம் போடாதே என்று வீட்டாரை அடக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். படம் போனாலும் குரல் இருக்கிறது. பழசு, மெதுவானது, யார் பார்ப்பார்கள் என்று ஒரு தலைமுறையிடம் சொல்லிக்கொண்டே இருந்தால், அடுத்து அதை வைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போகும். ஒரு முறை நடந்திருக்கிறது. அதனால்தான் உன் நாலு வரி யோசனையைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

2023-ல் அறுபதாம் ஆண்டு என்று டாலெக் கதைக்கு வண்ணம் பூசி ஒளிபரப்பினார்கள். வண்ணம் பூசியதுகூடப் போகட்டும். ஏழு பகுதிகளை, கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்தை, 75 நிமிடமாக்கினார்கள். பாதிக்கு மேல் கத்தரி. எது போயிருக்கும்? ஓட்டமும் துரத்தலும் இருக்கும். யோசிக்கிற, தயங்குகிற, வாக்குவாதம் பண்ணுகிற இடங்களைத்தான் கத்தரி முதலில் தேடும். விழாவுக்கு வந்து பெரியவர் காலில் விழுந்துவிட்டு, அவர் பேச ஆரம்பித்ததும் மைக்கைப் பிடுங்கினால் எப்படி இருக்கும்?

ஒரு விஷயத்தில் மட்டும் பின்னால் வந்தவர்கள் நன்றி மறக்கவில்லை. 2013-ல் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதியில் கோல் ஹில் பள்ளியின் பெயர்ப் பலகை ஒரு நொடி வரும். பள்ளி ஆட்சிக்குழுத் தலைவர் ஐ. செஸ்டர்டன் என்று அதில் எழுதியிருக்கும். 2022-ல் வந்த ஒரு பகுதியில் இயனாக நடித்த வில்லியம் ரஸ்ஸலே, 97 வயதில், சில நொடிகள் வந்தார். 57 வருடம் கழித்து அதே பாத்திரம். 2024 ஜூனில், 99 வயதில் காலமானார். ஜாக்குலின் ஹில் 1993-லேயே போய்விட்டார். 2022-ல் அந்த வயதானவர் திரையில் வந்த நொடியில் உலகம் முழுக்கப் பலர் அழுதார்கள். 2005-ல் ஆரம்பித்தவர்களோ, யார் இந்தத் தாத்தா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருப்பார்கள். அக்கா மகன் கேட்டான். என்னிடமே கேட்டான்.

ஆகவே நான் கொடுக்கும் வரிசை இது. முதல் கதையின் முதல் பகுதி. கலத்துக்குள்ளேயே நடக்கும் அந்த இரண்டு பகுதி. ஆஸ்டெக்ஸ் நாலு பகுதி. மொத்தம் ஏழு, தலா 25 நிமிடம், மூன்று மணி நேரம்கூட ஆகாது. அதற்குப் பிறகு 2005-க்குப் போவதென்றால் தாராளமாகப் போங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். பெரிய நாற்காலியில் இருக்கும் என் எட்டாம் வகுப்பு மாணவனும் பார்த்துவிட்டு வந்து, ஆட்லாக் போனது சரியா தப்பா என்று கமெண்டில் அரைப் பக்கத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். தமிழில். ஒற்றுப்பிழை இருந்தால் அங்கேயே திருத்துவேன், உன் ஆபீஸ் ஆட்கள் பார்ப்பார்கள் என்பதெல்லாம் எனக்குக் கவலையில்லை. அக்கா மகன் தீபாவளிக்கு வரும்போது லேப்டாப்பைக் கொண்டுவரட்டும். முறுக்கு நான் சுட்டு வைக்கிறேன். வேகத்தைக் கூட்டும் பொத்தானில் கை போனால் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.